பகல் தூக்கம்

அடுப்புக்காரர் கட்டையை நீட்டுவதற்கும் அடுத்த வீட்டுக் குட்டி வாயைத் திறப்பதற்கும் அப்படி என்னதான் ஏற்பாடோ தெரியவில்லை. தலையணையில் தலை படும், கண் செருகும். இன்னும் ஒரு மூச்சு விட்டால் ஆள் காணாமல் போய்விடுவார் என்கிற நேரமாகப் பார்த்து, பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'வள்' என்று ஒன்று வரும். அந்த ஒன்றோடு நின்றால் நாயைக் கையெடுத்துக் கும்பிடலாம். நிற்காது. பின்னாலேயே வரிசை கட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் ஓயும். சரி, ஒழிந்தது சனியன் என்று இவர் புரண்டு படுப்பார். மறுபடியும் ஆரம்பிக்கும்.

குட்டி என்பது அதன் பெயர்தானே தவிர, அதில் குட்டித்தனம் ஒன்றும் மிச்சமில்லை. வாங்கி வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியதாம். இப்போது பார்த்தால் மாவு மூட்டைக்கு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். குரலும் அந்த உடம்புக்குத் தக்க குரல்.

"ஊர்ல எல்லா நாயும் ராத்திரிதான் குரைக்கும். நமக்குன்னு வாய்ச்சது பாரு, பகல் ஷிஃப்ட்டு" என்பார் மனைவியிடம். அவள் போர்வையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள்.

அவருடைய பிழைப்பு அப்படி. ஊரெல்லாம் வேலை முடித்துத் திரும்புகிற நேரத்தில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். கடைத்தெருவில் இருக்கிற பேக்கரியில் விறகு அடுப்பு அவர் பொறுப்பு. அறை மாதிரி இருக்கும் அந்த அடுப்புக்குள் நீளக் கட்டையால் ட்ரேக்களைத் தள்ளி, இடம் மாற்றி, பதம் பார்த்து இழுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. விறகு ஈரமா, மாவு எப்படிப் பொங்கியிருக்கிறது, வெளியே மழையா என்று எல்லாவற்றையும் பார்த்து, மூக்கையும் கண்ணையும் நம்பிச் செய்கிற வேலை. கண் கொஞ்சம் அசந்தால் போயிற்று, ட்ரேயோடு கரி. விடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். நசுங்கினது, ஓரம் தீய்ந்தது, வாய் பிளந்தது என்று விற்க முடியாத பன்களை முதலாளி அவருக்கே விட்டுவிடுவார். மனைவிக்கு டீயில் தொட்டுச் சாப்பிட ஆகும். அவள் அதைத் தகர டப்பாவில் போட்டு மூடி வைப்பாள்.

அந்த வீட்டில் பகல் என்பது ஊரில் யார் வீட்டிலும் இல்லாத பகல். பாத்திரத்தைக் கீழே வைப்பதென்றால் துணியை விரித்து அதன்மேல் வைப்பாள். குக்கர் விசில் அடிக்கும் முன்னால் ஓடிப்போய்க் கரண்டியால் தூக்கி விடுவாள். மிக்ஸி ஓடாது, டிவி பேசாது, ஃபோன் தலையணைக்கடியில் கிடக்கும். பால்காரரிடம் மணி அடிக்காதீங்க என்று சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர்களிடம் பகலில் வராதீங்க என்று சொல்லி, அவர்கள் ராத்திரியிலும் வராமல் போய்விட்டார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் தூங்க, ஒருத்தி தூக்கத்துக்குக் காவல். தெருப் பெண்கள் வாசலில் நின்று அவளோடு கையாலும் கண்ணாலும்தான் பேசுவார்கள். "பொண்டாட்டின்னா இப்படியில்ல இருக்கணும்" என்று பேக்கரியில் யாராவது சொன்னால் அடுப்புக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த பகலை ஒரு நாய் வந்து குதறினால் வயிறு எரியுமா, எரியாதா?

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சைத் தாண்டிக்கொண்டு வந்தது. ஜன்னலை அடைத்துப் படுத்தார். வேர்வையில் பாய் நனைந்ததுதான் மிச்சம். எழுந்து போய்ச் சுவரோரம் நின்று "ஏய்!" என்று ஓர் அதட்டுப் போட்டார். குட்டி அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, இன்னும் உற்சாகமாகக் குரைத்தது.

நாய்க்குச் சொந்தக்காரி டிக்கெட் அக்கா. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் வேலை, அதனால் தெருவுக்கே அந்தப் பெயர். தனியாள். காலையில் இவர் வீட்டுக்குள் நுழையும்போது அந்த அம்மா நாயைப் பின்பக்கக் குழாயடியில் கட்டிவிட்டுக் கிளம்பும், சாயங்காலம் இவர் கிளம்பும்போது திரும்பி வரும். ஒரு நாள் அப்படி வாசலில் பார்த்தபோது, முதலில் பதமாகத்தான் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. குட்டி கொஞ்சம் சத்தம் போடுது."

"குட்டியா? என் குட்டியா?"

"உங்க குட்டிதான்க்கா. இந்தப் பக்கம் வேற குட்டி ஏது?"

"இருக்காதே தம்பி. அது வாயில்லாப் பூச்சியாச்சே! நான் வந்தா காலடியில சுருண்டு படுத்துக்கும். ஒரு சத்தம், ஒரு முனகல் கிடையாது. போஸ்ட்மேன் வந்தாக்கூட குரைக்காது, அதுதான் எனக்குக் கவலையே."

"நீங்க இருக்கும்போது குரைக்காதுக்கா. நீங்க போனதும் பிடிக்கும் பாருங்க…"

"வேற நாயா இருக்கும். நல்லாப் பாருங்க."

"நான் கேக்கறது குரலைக்கா. அதுல எங்க பாக்கறது?"

அந்த அம்மா சிரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "எனக்குக் குட்டியால வேற கவலை தம்பி. சோத்தைப் பாதியாக் குறைச்சாச்சு, உடம்பு மட்டும் ஊதிக்கிட்டே போகுது. டாக்டர் என்னைத் திட்டுறார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதாம். குட்டி குரைக்கவே இல்லையாம். அன்றைக்குச் சாயங்காலம் அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வை, பாவம் தூக்கமில்லாமல் இவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பது போல இருந்தது. அடுப்புக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. முதல் நாள் ராத்திரி அடுப்பு எரியாது, பன்னும் வீட்டுக்கு வராது. அது ஒரு விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் பேக்கரியில் அந்தக் கூத்து நடந்தது. நாலு நாளாக விடாத மழை, நனைந்த விறகு, புகை. ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போக வேண்டிய ரொட்டி முழுக்க அடுப்புக்குள் இருந்தது. விடியப் போகிற நேரம், வெக்கை முகத்தில் இதமாக அடித்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு சுவரில் ஒரு நிமிஷம் சாய்ந்தவர்தான். மாவு பிசைகிறவர் வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோது கண்ணே திறக்க முடியாத புகை. அவசரத்தில் ட்ரேயை வெறுங்கையால் இழுத்து, உள்ளங்கை பொரிந்துபோனது.

முதலாளி கரிந்த ரொட்டி ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினார். செங்கல் மாதிரி சத்தம் வந்தது.

"என்னய்யா இது?"

"தப்புதான் முதலாளி. தூங்கிட்டேன்."

"பகல்ல என்ன பண்றே, அதான் வீட்ல தூங்கத்தானே போறே?"

"பக்கத்து வீட்டு நாய், முதலாளி… தூங்க விடமாட்டேங்குது."

"நாயா?" முதலாளி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்? பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது, அதனால ரொட்டி இல்லைன்னா? இத்தனை வருஷம் உன் கையில ஒரு ட்ரே கரிஞ்சதில்லைய்யா. அதனால சும்மா விடறேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன். மனசுல வெச்சுக்கோ."

அந்த வயதில் வேறு எந்த அடுப்பு அவரைச் சேர்த்துக்கொள்ளும்? இப்போதெல்லாம் பொத்தானை அழுத்தினால் வேகிற அடுப்புதான் எங்கேயும். மூக்கால் பதம் பார்க்கிறவனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். மனைவி கையைப் பார்த்து அழுதாள், மருந்து போட்டாள், ஊட்டி விட்டாள். படுத்தார்.

வள்!

அன்றைக்குச் சாயங்காலம் டிக்கெட் அக்கா கேட்டைத் திறக்கும் முன்னாலேயே அவர் தெருவில் நின்றார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"நாய் வளர்க்கறவங்க வீட்ல இருந்து வளர்க்கணும். கட்டிப்போட்டுட்டு ஜாலியாப் போயிட்டா ஆச்சா? வளர்க்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க நாய்? உங்க ஆசைக்கு என் சோத்துல மண்ணா? இந்தாங்க, பாருங்க இந்தக் கையை!"

கட்டுப்போட்ட கையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அது கையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. சாப்பாட்டுப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டது. சண்டைக்கு வந்திருந்தால் அவரும் சமாளித்திருப்பார். அது சண்டைக்கே வரவில்லை.

"சரி தம்பி. எங்க ஸ்டேஷன்ல ஒருத்தர் வீட்ல செடி நர்சரி வெச்சிருக்கார். நாய் வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கறார். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன். உங்க வேலைக்கு என்னால ஆபத்து வேண்டாம்."

ஜெயித்துவிட்டார். ஆனால் வேலைக்குப் போகிற வழியெல்லாம் செருப்புக்குள் கல் கிடக்கிற மாதிரி இருந்தது. காலையில் வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னால், அவள் முகம் செத்துப்போயிற்று. டீயை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"ஏன், உனக்கென்ன வந்துது? தொல்லை விட்டுதுன்னு சந்தோஷப்படுவேன்னு பாத்தா…"

"ஒண்ணுமில்லைங்க. தூங்குங்க."

"நான் அவங்ககிட்ட கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்தான். ஒத்துக்கறேன்."

"தூங்குங்கன்னு சொல்றேன்ல."

அடுத்த நாள் கை வலி. படுத்தவருக்குக் கண்ணை மூட முடியவில்லை. குட்டி அதன் பாட்டுக்குக் குரைத்தது, நின்றது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து, வெறுங்காலோடு அடுக்களை வரைக்கும் வந்தார். உள்ளே பேச்சுக்குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டையைத் தேடித் திரும்பப் போனவர், கதவிடுக்கில் பார்த்ததும் நின்றார்.

பின்ஜன்னலில் மனைவி. தகர டப்பா திறந்திருந்தது. வெளியே சுவருக்கு மேலே இரண்டு முன்னங்கால், ஒரு தலை.

"வந்துட்டேண்டி, வந்துட்டேன். கத்தாதேன்னா கேக்கறியா?" ஒரு பன்னின் தீய்ந்த ஓரத்தைப் பிய்த்துப் போட்டாள். அது லபக்கென்று பிடித்தது. "உன்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்களாம்டி. உனக்கென்ன, நீ போயிடுவே, அங்க செடி இருக்கும், தண்ணி இருக்கும், ஆளு இருக்கும். எனக்குத்தான்… சரி, அதை விடு. எங்க அண்ணன் பொண்ணு மறுபடியும் ஃபோன் பண்ணினா. அவ அந்தப் பையனைத்தான் கட்டிப்பாளாம். எங்கண்ணன் வீட்டை விட்டுப் போன்னுட்டாராம். அத்தை, உங்க வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல? வான்னா, இவரு தூங்குற வீட்ல அவளை எங்க உக்கார வைக்கறது? வராதேன்னா, அது வேற எங்கடி போகும்? சொல்லு பாப்போம்…"

இன்னொரு துண்டு பன். குட்டி காதை முன்னால் தூக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டது.

தன் முழங்கால் வலியைச் சொன்னாள். மாடிப்படியில் சறுக்கினதை, அவருக்குச் சொல்லாததைச் சொன்னாள். அவர் கை பொரிந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. எல்லாமே ரகசியம் பேசுகிற குரலில்தான். கல்யாணமான நாளிலிருந்து இவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

டப்பா காலியானது. அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள். வள்!

"நீதானா?" என்றார் அடுப்புக்காரர்.

அவள் துள்ளித் திரும்பினாள். டப்பா கீழே விழுந்து உருண்டது. அந்த வீட்டில் பகலில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை.

"நான் ராத்திரி பூரா அங்க செத்துக்கிட்டிருக்கேன், நீ இங்க பன்னைப் போட்டு அதைக் குரைக்கப் பழக்கியிருக்கே! நான் கொண்டுவந்த பன்னு! என் கையால சுட்ட பன்னு!"

"குரைக்கவா பழக்கினேன்? வாயை மூடத்தாங்க போட்டேன்." அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "போன மழைக்காலத்துல காய்ச்சல்ல கிடந்தீங்களே, அன்னிக்குப் பூனையைப் பாத்துக் குரைச்சுது. நீங்க முழிச்சிடப் போறீங்களேன்னு ஒரு பன்னைத் தூக்கிப் போட்டேன். கப்சிப்னு ஆயிடுச்சு. அப்பாடான்னு இருந்துது. மறுநாளும் குரைச்சுது, போட்டேன். அப்புறம் பன்னு வேணும்னா குரைக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. போடாம இருந்தும் பாத்தேங்க. ரெண்டு பங்காக் கத்துது. போட்டா நிறுத்துது. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?"

அந்தம்மா சோற்றைப் பாதியாகக் குறைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பசியில் அது குரைக்கும், இவள் பன் போடுவாள், அது ஊதும், அந்தம்மா இன்னும் குறைக்கும். யாரை நோவது? தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"எப்ப சொல்றது?"

அவர் குனிந்து, உருண்டுபோன டப்பாவை எடுத்தார்.

"வந்ததும் தூங்கறீங்க. எழுந்ததும் கிளம்பறீங்க. ஞாயித்துக்கிழமை அடிச்சுப்போட்ட மாதிரி கிடக்கறீங்க. எப்பங்க சொல்றது?"

குறை சொல்கிற மாதிரிகூட அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் டிக்கெட் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அது முதலில் சிரித்தது. "அடப்பாவி! அந்த டாக்டர்கிட்ட நான் எத்தனை வசவு வாங்கினேன்!" அப்புறம் சிரிப்பு நின்றுபோய், காலடியில் சுருண்டு கிடந்த குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

"தப்பு எங்க மேலதான்க்கா. நாயைக் குடுக்க வேண்டாம். பகல்ல எங்க வீட்லயே இருக்கட்டும். என் வீட்டுக்காரி பாத்துக்குவா."

"வேண்டாம் தம்பி."

"நான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"நீங்க சொன்னதுல தப்பில்லை. அதுக்கு என்ன பன்னு ருசியா பெருசு? பகல் பூரா ஒத்தையில கிடந்திருக்கு. கூப்பிட்டா ஒரு ஆளு வருது, நின்னு பேசுதுன்னா விடுமா? நான் வந்ததும் வாலாட்டுதே, அது சந்தோஷமாத்தான் இருக்குன்னு இருந்துட்டேன் இத்தனை நாளா. அங்க செடிகளுக்கு நடுவுல நாள் பூரா ஆள் இருப்பாங்க. போகட்டும்."

அந்த அம்மா நாயைத்தான் சொன்னது. ஆனாலும் அவர் காது சூடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வண்டி வந்தது. குட்டியைப் பின்னால் ஏற்றினார்கள். டிக்கெட் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை. வண்டி கிளம்பும்போது குட்டி அடுப்புக்காரர் வீட்டைப் பார்த்துக் குரைத்தது. மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, பன் இல்லை.

அப்புறம் நிம்மதியான பகல். அவர் தூங்கினார், பொய் சொல்வானேன், நன்றாகவே தூங்கினார். கை ஆறியது, ரொட்டி பதமாக வந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாதது நல்லதுதான். டப்பாவில் மட்டும் பன் சேர்ந்துகொண்டே போனது. திறந்து பார்த்தால் அடியில் இருந்தவை பூஞ்சை பூத்துப்போயிருந்தன.

அன்று காலை வந்தவர் பொட்டலத்தை மேடையில் வைத்தார். பாயை விரித்து வைத்திருந்தாள். அவர் படுக்கப் போகவில்லை. அடுக்களைத் தரையிலேயே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உங்கண்ணன் பொண்ணு என்ன ஆனா?"

அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நாய்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தியே. இங்க வரட்டுமான்னு கேட்டாளே, நீ என்ன சொன்னே?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். போய்த் தூங்குங்க, கண்ணு ரெண்டும் ரத்தமாக் கிடக்கு."

"அப்புறம்னா எப்ப? இப்ப சொல்லு. இப்படி உக்காரு."

அவள் கரண்டியை வைத்தாள். துணி விரிக்காமல் வெறும் தரையில் வைத்தாள், 'ணங்' என்றது. எதிரே உட்கார்ந்தாள். ரகசியக் குரலில் ஆரம்பித்தாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லேன், எனக்குக் கேக்க வேண்டாமா?" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அண்ணன் பெண்ணின் பிடிவாதத்தை, அண்ணியின் அழுகையை, அந்தப் பையன் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்ப்பதை, தான் ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்ததை, "நல்ல பையன்தாங்க, முகத்துல ஒரு கள்ளம் இல்லை" என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, குரல் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. அவர் "ம்" கொட்டினார். "அப்படியா?" என்றார். "உங்கண்ணனுக்கு எப்பவும் வறட்டு வீம்புதான்" என்றார். அவள் சிரித்தாள்.

"அவளை இங்கயே வரச் சொல்லிடட்டுமாங்க? சொல்லுங்க. என்ன நான் கேக்கறது?"

"ம்" வரவில்லை.

அவள் பார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மனிதர் தூங்கிப் போய்விட்டிருந்தார்.

பழக்கத்தில் அவள் கை வாயைப் பொத்தப் போனது. குரலும் இறங்கப் பார்த்தது. அப்புறம் கையைக் கீழே போட்டாள்.

"இதுக்கு அந்தக் குட்டியே தேவலாம்" என்றாள், நல்ல சத்தமாகவே. "அதுவாவது காதைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கேட்டுது."

அவர் அசையவில்லை. அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, குரலைக் குறைக்காமல், விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்ல ஆரம்பித்தாள்.